குடும்பம் வளர்ந்தது, பத்திரம் வளர்ந்ததா?

ஒருவர் உயிரோடு இருக்கும்போதே தம் சொத்துகளுக்காக ஏற்படுத்தும் வாழ்நாள் அறக்கட்டளையில் தோன்றும் கோளாறுகளை எவ்வாறு கண்டறிவது, அவ்வறக்கட்டளையைக் காலத்துக்கு ஏற்ப எவ்வாறு பேணுவது என்பனவே இன்றைய சொற்பொழிவின் பொருள்.

கருங்கல்லால் எழுப்பிய கோயிலையும் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை திருப்பணி செய்து, விரிசல்களை அடைத்து, வண்ணம் புதுக்கிக் குடமுழுக்கு நடத்துவது தமிழர் மரபு. கல்லுக்கே பன்னிரண்டு ஆண்டுதான் கெடு என்று வகுத்த சமுதாயம், காகிதத்தில் எழுதிய குடும்பப் பத்திரத்தை மட்டும் கையொப்பமிட்ட நாளிலேயே பெட்டகத்தில் பூட்டிவிட்டு, முப்பது ஆண்டுகளுக்குப் பின் துக்க வீட்டில் திறந்து பார்ப்பது முறையாகுமா? இவ்வுரை முழுவதும் சுற்றி வரும் வினா இதுவே.

முதலில் சொற்பொருளைத் தெளிவாக்கிக்கொள்வது நலம். அறக்கட்டளை என்றதும் தமிழர் செவியில் கோயிலும் கல்விநிதியும் அன்னதானமும் ஒலிக்கின்றன. ஆனால் மக்கள் வழக்கில் டிரஸ்ட் எனப்படும் சட்ட ஏற்பாடு தருமத்துக்கு மட்டும் உரியதன்று. ஒருவர் தம் சொத்தை மற்றொருவர் பெயரில் ஒப்படைத்து, அதை மூன்றாமவரின் நலனுக்காகப் பராமரிக்குமாறு கட்டுப்படுத்தும் ஏற்பாடு எதுவாயினும் அது அறக்கட்டளையே. ஒப்படைப்பவர் நிறுவுநர், பொறுப்பை ஏற்பவர் அறங்காவலர், நலனைப் பெறுபவர் பயனாளி. இம்மூவரையும் இணைத்துக் கட்டும் கயிறு அறக்கட்டளைப் பத்திரம். உயில் என்பது எழுதியவர் இறந்த பின்னரே உயிர்பெறுகின்ற ஆவணம். வாழ்நாள் அறக்கட்டளையோ எழுதியவர் வாழும்போதே செயற்படத் தொடங்கி, அவர் நோயுற்ற காலத்திலும் மறைந்த பின்னரும் தொடர்ந்து செயற்படுவது. நிறுவுநர் விரும்பியபோது மாற்றவும் கலைக்கவும் உரிமை வைத்துக்கொள்வது மாற்றத்தக்க அறக்கட்டளை; அவ்வுரிமையைக் கைவிட்டு ஒப்படைப்பது மாற்றவியலா அறக்கட்டளை.

இத்தகைய ஏற்பாட்டை மக்கள் ஏன் நாடுகின்றனர்? தீபகற்ப மலேசியாவில் உயில் எழுதாமல் ஒருவர் மறைந்தால் முஸ்லிம் அல்லாதாருக்கு 1958-ஆம் ஆண்டின் சொத்துப் பகிர்வுச் சட்டமே பங்கு பிரிக்கிறது. கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், பெற்றோர் ஆகிய மூவகையினரும் உயிரோடிருந்தால் துணைவருக்குக் காற்பங்கு, பிள்ளைகளுக்கு அரைப்பங்கு, பெற்றோருக்குக் காற்பங்கு. பெற்றோர் இல்லையெனில் துணைவருக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. கிள்ளானில் ஆறு லட்சம் வெள்ளி மதிப்புள்ள வீடு ஒன்றே ஒருவரது முழுச் சொத்து எனக் கொள்க. அவர் உயிலின்றி மறைந்தால் மனைவிக்கு ஒன்றரை லட்சம், பிள்ளைகளுக்கு மூன்று லட்சம், தாய்க்கு ஒன்றரை லட்சம் என அவ்வீடு தாளில் துண்டாகிறது. கணக்கு நேர்மையானதுதான், ஆயினும் அந்த மனைவி எந்தக் கூரையின் கீழ் வாழ்வார் என்ற வினாவுக்குக் கணக்கில் விடை இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. முதுமையில் நினைவிழப்பு நோய் வந்தால், அதற்கு முன் பிள்ளையின் பெயரில் எழுதிக்கொடுத்த அதிகாரப் பத்திரம் துணைநிற்கும் என்று பலரும் நம்புகின்றனர். சிங்கப்பூரில் 2008-ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டம் அத்தகைய நிலைத்த அதிகாரத்துக்கு வழி செய்தது. மலேசியச் சட்டத்திலோ அவ்வாறான ஏற்பாடு இல்லை. எழுதிக்கொடுத்தவர் மனத்திறனை இழந்த பின் சாதாரண அதிகாரப் பத்திரத்தை நம்பிச் செயற்பட முடியாமற்போக, 2001-ஆம் ஆண்டின் மனநலச் சட்டத்தின்கீழ் உயர்நீதிமன்றத்தை நாட வேண்டிய நிலை குடும்பத்துக்கு ஏற்படுகிறது. முன்னரே அமைத்த அறக்கட்டளை இருந்தால், அறங்காவலர் மருத்துவச் செலவையும் வீட்டுச் செலவையும் தடையின்றிக் கவனித்துக்கொள்ள இயலும்.

இத்தனை நன்மை இருந்தும் அறக்கட்டளைகள் தோற்பது ஏன்? அமைத்த நாளில் சரியாக இருந்தவை காலப்போக்கில் பழுதடைவதே பெரும்பாலான தோல்விகளின் காரணம். அப்பழுதுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பது தகும்.

முதலாவதும் மிகப் பரவலானதுமான கோளாறு, வெறும் பெட்டி. பத்திரம் இருக்கிறது, முத்திரை இருக்கிறது, சாட்சிகளின் கையொப்பம் இருக்கிறது, ஆனால் சொத்து மட்டும் அதற்குள் வரவே இல்லை. அறக்கட்டளைப் பத்திரத்தின் பின்னிணைப்பில் வீட்டின் முகவரியை எழுதிவிட்டால் வீடு அறக்கட்டளைக்குப் போய்விட்டது என்று எண்ணுவது பெரும் பிழை. மலேசியாவில் நிலவுரிமை என்பது நில அலுவலகப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரைச் சார்ந்தே நிற்கிறது. அறங்காவலர் என்ற நிலையில் ஒருவர் பெயரைப் பட்டாவில் பதியவும், அறக்கட்டளைப் பத்திரத்தை நில அலுவலகத்தில் ஒப்படைக்கவும் தேசிய நிலச் சட்டம் வழிவகுத்திருக்கிறது. வீட்டுக்கு வங்கிக் கடன் நிலுவையில் இருந்தால் வங்கியின் இசைவு வேண்டும். குத்தகைக் காலம் குறிக்கப்பட்ட நிலமாயின் பெயர் மாற்றத்துக்கு முன் மாநில அரசின் அனுமதி தேவைப்படலாம். முத்திரை வரி, நில ஆதாய வரி ஆகியவற்றையும் முன்கூட்டியே கணக்கிட வேண்டும். இவ்வேலைகளுள் ஏதேனும் ஒன்று தடைப்பட்டால், எஞ்சியவற்றையும் சேர்த்துக் குடும்பம் தள்ளிப்போடுகிறது, பத்தாண்டு கழிகிறது, நிறுவுநர் மறைகிறார், அறங்காவலர் வந்து பெட்டியைத் திறந்தால் உள்ளே பட்டியல் மட்டுமே இருக்கிறது.

வீட்டுக்குச் சொன்னது வங்கிக் கணக்குக்கும் பொருந்தும். பங்குச் சந்தைப் பங்குகளுக்கும் பொருந்தும். குடும்ப நிறுவனத்தின் பங்குகளுக்கும் பொருந்தும். அறக்கட்டளை அமைத்த பின் வாங்கிய இரண்டாவது வீடு யார் பெயரில் பதிவாயிற்று? பழைய வீட்டை விற்ற பணம் எந்தக் கணக்கில் சேர்ந்தது? இவ்விரு வினாக்களுக்கும் உடனே விடை சொல்ல இயலாத குடும்பத்தில் முதற்கோளாறு ஏற்கெனவே குடிபுகுந்துவிட்டது எனலாம். கைவிடப்பட்ட வங்கிக் கணக்கு ஏழாண்டு அசைவின்றிக் கிடந்தால், 1965-ஆம் ஆண்டின் உரிமை கோரப்படாத பணச் சட்டத்தின்படி அப்பணம் அரசாங்கப் பதிவாளரிடம் போய்ச் சேர்கிறது. வாரிசுகள் அதை மீட்டெடுக்கத் தனியே விண்ணப்பம் செய்து உறவுமுறையை நிறுவ வேண்டியிருக்கும்.

இரண்டாவது கோளாறு, ஒன்றோடொன்று முரண்படும் ஆவணங்கள். ஒரே மனிதர் தம் வாழ்நாளில் நான்கு இடங்களில் வாரிசுப் பெயர் எழுதுகிறார்: ஊழியர் சேமநிதி வாரியத்தில் ஒன்று, ஆயுள் காப்புறுதியில் ஒன்று, உயிலில் ஒன்று, அறக்கட்டளைப் பத்திரத்தில் ஒன்று. இருபத்திரண்டு வயதில் முதல் வேலையில் சேர்ந்தபோது சேமநிதிப் படிவத்தில் எழுதிய பெயர் தாயின் பெயர். நாற்பது வயதில் அறக்கட்டளையில் எழுதிய பெயர் மனைவியின் பெயர். எது செல்லும்? முஸ்லிம் அல்லாத உறுப்பினரின் சேமநிதிப் பணம் நியமிக்கப்பட்டவருக்கே சொந்தமாகப் போய்ச் சேர்கிறது. உயிலில் வேறொருவர் பெயரை எழுதியதனால் அந்நியமனம் மாறிவிடுவதில்லை. அறக்கட்டளைப் பத்திரம் எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும் அப்பணத்தின் மீது அதற்கு ஆட்சி இல்லை.

காப்புறுதியின் நிலை இன்னும் நுட்பமானது. 2013-ஆம் ஆண்டின் நிதிச் சேவைச் சட்டத்தின்படி, முஸ்லிம் அல்லாத ஒருவர் தம் ஆயுள் காப்புறுதிக்குக் கணவனையோ மனைவியையோ பிள்ளையையோ நியமித்தால், அல்லது நியமிக்கும் நேரத்தில் துணைவரும் பிள்ளையும் இல்லாத நிலையில் பெற்றோரை நியமித்தால், அந்நியமனமே ஓர் அறக்கட்டளையாகிவிடுகிறது. அப்பணம் இறந்தவரின் பொதுச் சொத்தில் சேராது. அவருடைய கடன்காரர்கள் அதைத் தொட இயலாது. இது பெரும் பாதுகாப்பு. ஆனால் அதே பாதுகாப்பு பின்னாளில் பூட்டாகவும் மாறலாம். அறங்காவலர் எனத் தனியே எவரையும் குறிக்காவிட்டால், ஒப்பந்தம் செய்யும் தகுதியுள்ள நியமனதாரரே அதன் அறங்காவலர். அந்நியமனத்தை மாற்ற வேண்டுமானால் அவருடைய எழுத்துப்பூர்வமான இசைவு வேண்டும். மணமான ஆண்டில் மனைவியை நியமித்து, பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் மணமுறிவு பெற்ற ஒருவர், அந்நியமனத்தை மாற்ற முன்னாள் மனைவியின் வாசலிலேயே போய் நிற்க வேண்டியிருக்கும் என்பதை எத்தனை பேர் அறிந்திருக்கின்றனர்? ஒரு பெயரை எழுதும் நாளிலேயே அறங்காவலர் என்ற கட்டத்தையும் கவனித்து நிரப்புவது எவ்வளவு இன்றியமையாதது என்பது இதனால் விளங்கும்.

உயிலுக்கும் அறக்கட்டளைக்கும் உள்ள ஒரு வேறுபாடும் இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது. 1959-ஆம் ஆண்டின் உயில் சட்டப்படி, குறிப்பிட்ட திருமணத்தை எதிர்நோக்கி எழுதப்பட்டதாக இருந்தாலன்றி, உயில் எழுதியவர் மணம் செய்துகொண்டதும் அவ்வுயில் செல்லாததாகிறது. ஆனால் மணமுறிவு அதை ரத்து செய்வதில்லை. அறக்கட்டளையோ மணத்தாலும் தானாகக் கலைவதில்லை. மணமுறிவாலும் தானாகக் கலைவதில்லை. ஆகவே மறுமணம் செய்துகொண்ட ஒருவரின் உயில் இல்லாமற்போகிறது. பழைய அறக்கட்டளை அப்படியே நிற்கிறது. அறக்கட்டளைக்குள் வராத சொத்துகள் உயிலற்றவரின் சொத்தாகச் சட்டப்படி பிரிகின்றன. ஒரே வீட்டில் இரண்டு வகை நீதி நடக்கிறது. அறக்கட்டளைக்கு வெளியே எஞ்சும் சொத்து அனைத்தும் அறக்கட்டளையிலேயே சேர வேண்டும் எனக் கூறும் துணை உயில் ஒன்றை உடன் எழுதி வைத்து, திருமணம் நேர்ந்தால் அதைப் புதிதாக எழுதுவதே இதற்குரிய பரிகாரம்.

மூன்றாவது கோளாறு ஆட்களைப் பற்றியது. பத்திரம் எழுதிய நாளில் ஐம்பது வயதாக இருந்த அறங்காவலருக்கு இன்று எண்பது வயது. அவருக்கு அடுத்து யார்? மலாயாவில் வட்டித் தொழில் நடத்திய நகரத்தார் இதற்கு ஒரு வழி வைத்திருந்தனர். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். கடையைக் கவனிக்கும் ஏஜெண்டு பொதுவாக மூன்றாண்டுத் தவணைக்கு வருவார். அவருக்குத் துணையாக அடுத்தாள் ஒருவர் இருப்பார். தவணை முடிந்ததும் புதிய ஏஜெண்டிடம் பேரேட்டையும் இருப்பையும் கணக்குப் பார்த்து ஒப்படைத்துவிட்டே பழையவர் கப்பலேறுவார். இன்றைய குடும்ப அறக்கட்டளைகளில் பல, ஏஜெண்டை மட்டும் நியமித்து அடுத்தாளை மறந்தவை. ஒப்படைக்கும் பழக்கத்தையும் மறந்தவை.

1949-ஆம் ஆண்டின் அறங்காவலர் சட்டம், அறங்காவலர் இறந்தாலோ, பன்னிரண்டு மாதத்துக்கு மேல் நாட்டுக்கு வெளியே தங்கினாலோ, பொறுப்பிலிருந்து விலக விரும்பினாலோ, செயற்பட மறுத்தாலோ, தகுதியற்றவராகவோ இயலாதவராகவோ ஆனாலோ அவருக்குப் பதில் புதியவரை நியமிக்க இடமளிக்கிறது. தேவையெனில் நீதிமன்றமும் நியமிக்கலாம். பிள்ளைகள் மெல்பர்னிலும் லண்டனிலும் குடியேறிவிடும் இக்காலத்தில், வெளிநாட்டில் வாழும் மூத்த மகனே ஒரே அறங்காவலர் என எழுதப்பட்ட பத்திரங்கள் மறுபார்வைக்கு உரியவை. உறவினர் ஒருவரோடு உரிமம் பெற்ற அறங்காவல் நிறுவனம் ஒன்றைச் சேர்த்து வைப்பது ஒரு வழி. 1921-இல் பொது அறங்காவலர் அலுவலகமாகத் தோன்றி 1995-இல் நிறுவனமாக மாற்றப்பட்ட அமானா ராயா முதல் தனியார் அறங்காவல் நிறுவனங்கள் வரை இந்நாட்டில் அதற்கு வாய்ப்புகள் உள்ளன. கட்டணத்தைக் கேட்டறிந்து, எழுத்தில் பெற்றுக்கொள்வது முறை.

ஆள் இருப்பது மட்டும் போதுமா? நடத்தையும் வேண்டாவா? அறங்காவலரிடம் கோளாறு தோன்றுவதற்கு அடையாளங்கள் உண்டு. அறக்கட்டளைக்கெனத் தனி வங்கிக் கணக்கு இல்லாமல் வாடகைப் பணம் அவருடைய சொந்தக் கணக்கில் விழுவது ஓர் அடையாளம். ஆண்டுக் கணக்குக் கேட்டால் அது அவநம்பிக்கை என்று அவர் வருந்துவது ஓர் அடையாளம். அறக்கட்டளையின் வீட்டைத் தமக்கோ தம் மைத்துனருக்கோ விற்க முனைவது ஓர் அடையாளம். பதில் வர மாதங்கள் ஆவது ஓர் அடையாளம். குடும்பத்தில் சித்தப்பாவிடம் கணக்குக் கேட்பது மரியாதைக் குறைவு என்ற எண்ணமே இவ்வடையாளங்களைப் பல்லாண்டு மறைத்துவிடுகிறது. கணக்குக் காட்டுவது அறங்காவலரின் கடமை. அதைக் கேட்பது பயனாளியின் உரிமை. ஆண்டுதோறும் குறிப்பிட்ட மாதத்தில் கணக்குக் காட்ட வேண்டும் எனப் பத்திரத்திலேயே எழுதிவிட்டால், கேட்பவருக்கும் கூச்சமில்லை; காட்டுபவருக்கும் வருத்தமில்லை.

பொது அறக்கட்டளைகளின் வரலாறும் இதற்குச் சான்று பகரும். 1873-இல் தம்புசாமிப் பிள்ளையால் தோற்றுவிக்கப்பட்ட கோலாலம்பூர் ஸ்ரீ மகாமாரியம்மன் கோயில், முதலில் அக்குடும்பத்தின் கோயிலாக இருந்து, 1920-களின் பிற்பகுதியில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டு, பின்னர் அறங்காவலர் குழுவின் பொறுப்புக்கு மாறியது. ஒரு குடும்பத்தின் கையில் தொடங்கிய ஏற்பாடு, மக்கள் பெருகப் பெருக ஒரு குழுவின் கைக்கு மாற வேண்டியதாயிற்று. பிரிக்பீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலையோரம் 1904-இல் தோன்றிய விவேகானந்தா ஆசிரமத்தின் நிலத்தில் அடுக்குமாடிக் கட்டடம் எழுப்பும் திட்டம் 2014-இல் வெளிவந்தபோது, பொதுமக்களின் எதிர்ப்பு வலுவாக எழுந்தது. பட்டாவில் பெயர் இருப்பவர் எதைச் செய்யலாம், ஏற்படுத்தியோரின் நோக்கம் எதை வேண்டுகிறது என்ற வினா அன்று தெருவில் நின்று கேட்கப்பட்டது. குடும்ப அறக்கட்டளையிலும் அவ்வினா எழும். ஆனால் அங்கே தெரு இல்லை, நீதிமன்றம்தான் இருக்கும்.

நான்காவது கோளாறு, குடும்பத்தின் மாற்றத்தைப் பத்திரம் அறியாதிருப்பது. பேரன் பிறக்கிறான், பத்திரத்தில் அவன் இல்லை. மகள் கணவனைப் பிரிகிறாள். பத்திரத்தில் மருமகன் இருக்கிறார். பிள்ளைகள் என்ற ஒரு சொல்லை எழுதிவிட்டு, அச்சொல்லுக்குள் யார் யார் அடங்குவர் என்று எழுதாமல் விடுவது பெருஞ்சிக்கலுக்கு வித்து. உறவினர் குழந்தையை எடுத்து வளர்ப்பது தமிழ்க் குடும்பங்களில் இயல்பு; ஆனால் சட்டத்தின் கண் வேறு. 1952-ஆம் ஆண்டில் இந்நாட்டில் தத்தெடுப்புக்கு இரண்டு சட்டங்கள் இயற்றப்பட்டன. நீதிமன்ற ஆணை வழியே தத்தெடுக்கும் சட்டத்தின்கீழ் வரும் பிள்ளைக்குப் பெற்ற பிள்ளைக்குரிய வாரிசுரிமை உண்டு. தேசியப் பதிவு இலாகாவில் பதிந்துகொள்ளும் மற்றொரு சட்டம் அவ்வுரிமையைத் தருவதில்லை. எதையும் செய்யாமல் அன்பினால் மட்டும் வளர்த்த பிள்ளைக்குச் சட்டப் பகிர்வில் பங்கே இல்லை. முப்பது ஆண்டு அப்பா என்று அழைத்த பிள்ளை, அப்பா மறைந்த மறுவாரம் அந்நியனாகிறான். அறக்கட்டளை இத்தகைய பிள்ளைக்கு அரிய துணை. அவனைப் பிள்ளை என்ற பொதுச்சொல்லால் அன்றி, முழுப் பெயராலும் அடையாள அட்டை எண்ணாலும் குறிப்பிட்டால் மட்டுமே அத்துணை உறுதிப்படும்.

திருமணத்தின் நிலையும் அத்தகையதே. 1976-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 1982 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருமண, மணமுறிவுச் சட்டம் முஸ்லிம் அல்லாதாரின் திருமணங்களைப் பதியுமாறு பணித்தது. கோயிலில் தாலி கட்டியாயிற்று, உற்றார் உறவினர் வாழ்த்தியாயிற்று என்று பதிவை விட்டுவிட்ட இணையர், ஒருவர் மறைந்த பின் மனைவி என்ற உரிமையை நிறுவப் பெரும்பாடு படுகின்றனர். மனைவிக்கு என்று பத்திரத்தில் எழுதியிருக்கிறது. எந்தச் சான்றிதழைக் காட்டுவது? இங்கும் பெயரும் அடையாள எண்ணுமே துணை. அதைவிடச் சிறந்த துணை, இன்றே திருமணத்தைப் பதிந்துகொள்வது.

மாற்றுத்திறன் கொண்ட பிள்ளையுள்ள குடும்பங்கள் இன்னும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். சட்டப்படி 18 வயதில் ஒருவர் வயதுவந்தவராகிறார்; அவ்வயதில் முழுத்தொகையும் கைக்குப் போகும் வகையில் எழுதிய பத்திரம், அத்தொகையைக் காக்க இயலாத பிள்ளைக்கு நன்மை செய்யாது. மாதந்தோறும் இவ்வளவு, மருத்துவத்துக்கு இவ்வளவு, கவனிப்பவருக்கு இவ்வளவு எனப் பிரித்து எழுதிய பத்திரமும், விலைவாசி ஏறுந்தோறும் அத்தொகையை உயர்த்தும் அதிகாரத்தை அறங்காவலருக்குத் தராவிட்டால், இருபது ஆண்டுகளில் பயனற்றுப் போகும். இன்று ஆயிரம் வெள்ளி ஒரு மாதச் செலவு; பேரன் காலத்தில் அது ஒரு வாரச் செலவுக்குப் போதுமா?

ஐந்தாவது கோளாறு, எழுத்திலேயே உள்ள பிழை. 1965-இல் அமெரிக்காவில் நார்மன் டேசி என்பவர் எழுதிய நூலொன்று, நீதிமன்ற நடைமுறையைத் தவிர்க்க வாழ்நாள் அறக்கட்டளை எழுதுமாறு கூறி, நிரப்பத்தக்க படிவங்களையும் இணைத்துப் பெரும் விற்பனை கண்டது. அக்காலந்தொட்டு அந்நாட்டுப் படிவங்கள் உலகெங்கும் பரவின. அவற்றைப் பார்த்து எழுதிய பத்திரம், மலேசிய நிலச் சட்டத்தையோ ஊழியர் சேமநிதியையோ அறியாது. மேலும், நோக்கம் உயர்ந்ததாயினும் சட்டம் ஏற்காத சொற்கள் உண்டு. பினாங்கில் ஒரு சீனக் குடும்பத்தின் உயிலில், முன்னோர் வழிபாட்டுக்கென ஒரு வீட்டை என்றென்றைக்கும் ஒதுக்கியிருந்தனர். 1875-இல் லண்டன் பிரிவி கவுன்சில், அது பொதுத் தருமம் அன்று என்பதால் காலவரம்பின்றி நீடிக்க இயலாது எனக் கூறி அவ்வேற்பாட்டைச் செல்லாததாக்கியது. இயாப் சியா நியோ வழக்கு என அறியப்படும் அத்தீர்ப்பு தமிழ்க் குடும்பங்களுக்கும் பாடம். குலதெய்வப் பூசைக்கும் பெற்றோரின் திதிக்கும் வீட்டு வாடகை என்றென்றும் பயன்பட வேண்டும் என எழுதுவோர், வழக்கறிஞரிடம் அச்சொற்களை முதலில் காட்டுவது நலம்.

ஆறாவதாக, கடனிலிருந்து தப்புவதற்கென அமைத்த அறக்கட்டளை நிலைக்காது என்பதையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். 1967-ஆம் ஆண்டின் நொடிப்புநிலைச் சட்டப்படி, விலையின்றிச் சொத்தை ஒப்படைத்தவர் இரண்டாண்டுக்குள் திவாலானால் அவ்வொப்படைப்பு செல்லாது. ஐந்தாண்டுக்குள் திவாலானால், ஒப்படைத்த காலத்தில் அச்சொத்தைச் சேர்க்காமலே கடன்களைத் தீர்க்கும் வசதி இருந்தது என்பதை நிறுவ வேண்டும். வியாபாரம் செழித்திருக்கும்போது அமைப்பதே அறக்கட்டளை. மூழ்கும்போது பிடிப்பதற்குரிய கட்டை அன்று.

கோளாறுகளைக் கண்டாயிற்று, பேணும் முறை யாது? முதல் விதி, பத்திரத்தின் மேல் பேனா வைக்கலாகாது. ஒரு பெயரை அடித்துவிட்டு ஓரத்தில் இன்னொரு பெயரை எழுதிக் கையொப்பமிடுவது திருத்தம் ஆகாது. பின்னாளில் சண்டைக்கே அது மூலதனமாகும். சிறு மாற்றமாயின், மூலப் பத்திரத்தின் நாளையும் பிரிவையும் குறிப்பிட்டுத் தனித் திருத்தப் பத்திரம் எழுதுவது முறை. திருத்தங்கள் மூன்று நான்கு எனச் சேர்ந்துவிட்டால், அனைத்தையும் ஒருங்கிணைத்து முழுப் பத்திரத்தையும் புதிதாக எழுதுவது நல்லது. இருப்பினும் பழைய அறக்கட்டளையைக் கலைத்துவிடாமல், அதே அறக்கட்டளையின் விதிகளை மாற்றி எழுதுவதாகச் சொற்களை அமைத்தால் ஏற்கெனவே பெயர் மாற்றிய சொத்துகளை மீண்டும் மாற்ற வேண்டியிராது. மாற்றும் அதிகாரம் யாரிடம் உள்ளது, அறங்காவலரின் இசைவு வேண்டுமா என்பதை மூலப் பத்திரமே சொல்லும். மாற்றவியலா அறக்கட்டளையாயின் பயனாளிகளின் இசைவோ நீதிமன்றத்தின் ஆணையோ தேவைப்படலாம்.

இரண்டாம் விதி, புரட்டிப் பார்க்கும் நாளைக் குறித்துவிடுவது. பழைய வணிகர் சித்திரையில் புதுக்கணக்கு எழுதியது போல, ஆண்டுக்கு ஒருமுறை சொத்துப் பட்டியலையும் பட்டாவையும் ஒப்பிட வேண்டும். அதற்கு மேல், ஆறு நிகழ்ச்சிகளுள் ஒன்று நடந்தாலும் ஆண்டு முடியும்வரை காத்திராமல் உடனே பத்திரத்தை எடுக்க வேண்டும். பிறப்பு, இறப்பு, திருமணம், மணமுறிவு, சொத்து வாங்கலோ விற்றலோ, குடிபெயர்வு ஆகியவையே அவை. குடும்பத்தில் ஒருவர் சமயம் மாறினால் அவரளவில் வாரிசுரிமைச் சட்டமே மாறக்கூடும் என்பதால் அதையும் உடனே வழக்கறிஞரிடம் தெரிவிக்க வேண்டும்.

மூன்றாம் விதி, சட்டமும் நகர்கிறது என்பதை மறவாதிருத்தல். பிள்ளைகளோடும் துணைவரோடும் பெற்றோருக்கும் பங்கு தரும் இன்றைய பகிர்வு 1997-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்தது. நில அலுவலகத்தின் வழியே எளிய முறையில் தீர்க்கத்தக்க சிறு சொத்துகளின் உச்சவரம்பு, நெடுங்காலம் 20 லட்சம் வெள்ளியாக இருந்து, 2024-இல் 50 லட்சம் வெள்ளியாக உயர்ந்தது. நீதிமன்ற அலைச்சலைத் தவிர்ப்பதற்காக மட்டுமே பத்தாண்டுக்கு முன் அறக்கட்டளை அமைத்த நடுத்தரக் குடும்பம், அக்காரணம் இன்றும் நிற்கிறதா, வேறு காரணத்துக்காக அதைத் தொடர வேண்டுமா என்று மீண்டும் எண்ணிப் பார்க்கலாம். வேண்டாத அறக்கட்டளையை முறைப்படி கலைப்பதும் பேணுதலின் ஒரு பகுதியே.

அவையோரே, இவ்வுரையிலிருந்து ஒரே ஒரு வேலையை வீட்டுக்கு எடுத்துச் செல்வது போதும். வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அறக்கட்டளைப் பத்திரம், வீட்டுப் பட்டா, சேமநிதி நியமனப் படிவம், காப்புறுதிப் பத்திரம், உயில் ஆகிய ஐந்தையும் உணவு மேசையில் வரிசையாக வைக்கவும். மகனோ மகளோ அருகில் அமர்ந்து ஒவ்வொன்றிலும் உள்ள பெயர்களை வாய்விட்டு வாசிக்கட்டும். இறந்தவர் பெயர் எங்கே இன்னும் இருக்கிறது, பிறந்தவர் பெயர் எங்கே இன்னும் இல்லை, விற்ற வீடு எந்தப் பட்டியலில் இன்னும் நிற்கிறது என்பவற்றை ஒரு தாளில் குறித்துக்கொள்ளவும். திங்கட்கிழமை அந்தத் தாளோடு வழக்கறிஞரைப் பார்க்கவும். துக்க வீட்டில் பத்து ஆண்டு நடக்கக்கூடிய வழக்கை, உயிரோடிருக்கும் பெற்றோர் ஒரு காலைப்பொழுதில் முடித்துவைக்கலாம்.